பிள்ளைகளின் ஓட்டத்துக்கும் ஓய்வு நாள் வேண்டும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர் பிரதிநிதிகள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

சம்பளம், வீடு, காணி என்று பேசிப் பழகிய மேடை இது. இன்றைக்கு விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். எப்படி வெல்வது என்று சொல்லித்தர வரவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை ஏன் ஒரு நாள் சப்பாத்தைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு "இனிப் போகமாட்டேன்" என்கிறது? அந்தப் பிள்ளையைப் பழக்கிய சேர் ஏன் ஒரு நாள் விசிலை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறார்? இந்த இரண்டையும் முன்கூட்டியே அறிந்து தடுக்க நாம் என்ன செய்யலாம்? இதுதான் பேச்சு.

இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். சங்கத்தின் வேலைதான். தோட்டத்தில் ஒரு பிள்ளை மாகாண மட்டத்துக்குப் போய்விட்டால் நமக்கு அது வெறும் விளையாட்டாக இருப்பதில்லை. இராணுவ அணியில் சேரலாம், பொலிஸில் வேலை கிடைக்கலாம், விளையாட்டு ஆசிரியராக வரலாம் என்று வீட்டில் பேச்சு தொடங்குகிறது. லயத்து அறையை விட்டு வெளியே போக ஒரு வழி தெரிகிறது. அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் 14 வயதுப் பிள்ளையின் காலில் ஒரு குடும்பத்தின் கனவும், சில இடங்களில் ஒரு தோட்டத்தின் மானமும் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. அந்தச் சுமையைப் பற்றி யாரிடமும் முறையிட அந்தப் பிள்ளைக்குச் சங்கம் இல்லை. அதனால்தான் நாம் பேசவேண்டியிருக்கிறது.

சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை

நாம் பேசப்போகும் விஷயத்தை ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்கிறார்கள். நம் வீடுகளில் "பிள்ளைக்கு வெறுத்துப் போச்சு" என்று சொல்கிறோமே, அதுதான். 1974 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து உளவியலாளர் ஹேர்பேர்ட் ஃபிராய்டன்பேர்கர் இதைப் பற்றி எழுதினார். அவர் எழுதியது சோம்பேறிகளைப் பற்றி அல்ல. ஓர் இலவச வைத்திய நிலையத்தில் இரவு பகலாகத் தொண்டு செய்தவர்களைப் பற்றி. ஆர்வத்தோடு வந்தவர்களே மாதக்கணக்கில் வேலை செய்தபின் களைத்து, சிடுசிடுத்து, "இதெல்லாம் எதற்கு" என்று ஆகிப்போனதை அவர் கண்டார். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதை ஒரு நோயாக அல்லாமல், நீண்டகாலம் கவனிக்காமல் விடப்பட்ட வேலை அழுத்தத்தால் வரும் நிலையாக விளக்கியது. அப்படியென்றால் கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை, வேலை நடக்கும் முறையிலும் இருக்கிறது. இதைத் தொழிலாளிகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

விளையாட்டுப் பிள்ளைகளிடம் இதை எப்படி அடையாளம் காண்பது? 2001 ஆம் ஆண்டில் தோமஸ் ரேடக்கே, அலன் சிமித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளக்க ஒரு கேள்விக்கொத்தைத் தயாரித்தார்கள். அதில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்.

முதலாவது, உடம்பும் மனமும் வற்றிப்போவது. தூங்கி எழுந்தாலும் களைப்பு போகாது. நேற்று ஏறிய மேட்டில் இன்றைக்கு மூச்சு வாங்கும்.

இரண்டாவது, "எனக்கு ஒன்றும் வராது" என்ற எண்ணம். முதலாவதாக வந்தாலும் முகத்தில் சந்தோஷம் இருக்காது. "போன முறையைவிட நேரம் கூடிவிட்டது" என்று குறைதான் சொல்லும்.

மூன்றாவது, விளையாட்டே வேண்டாம் என்று ஆகிவிடுவது. பந்தைக் கண்டால் துள்ளிய பிள்ளை, பந்தை எடுத்தாலே எரிச்சல்படும். இந்த மூன்றிலும் நாம் கூடுதலாகக் கவனிக்கவேண்டியது இதுதான். களைத்த பிள்ளைக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் தானாகவே மைதானத்துக்கு ஓடிப்போகும். வெறுத்துப்போன பிள்ளை இரண்டு வாரம் வீட்டில் இருந்தாலும் மைதானத்தின் பக்கம் திரும்பிப் பார்க்காது.

வீட்டில் தெரியும் அறிகுறிகளும் உண்டு. பயிற்சி நாளில் மட்டும் வயிற்றுவலி வரும். அடிக்கடி தடிமன் பிடிக்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி மாதக்கணக்கில் ஆறாது. இரவில் தூக்கம் வராது. படிப்பில் புள்ளி குறையும். தம்பி தங்கையிடம் காரணமில்லாமல் கத்தும். பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும். மாதர் தலைவிகளிடம் இதைத் தனியாகச் சொல்கிறோம். கடும் பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றால் "ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். உடம்புக்குத் தேவையான அளவு சாப்பாடு கிடைக்கவில்லை என்று உடம்பே சொல்லும் செய்தியாக அது இருக்கலாம். வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு பிள்ளை திடீரென்று பயிற்சிக்குப் போக மறுத்தால் அது எப்போதும் களைப்பாக இருக்கும் என்று எண்ணக்கூடாது. யாராவது அடித்திருக்கலாம், அசிங்கமாகப் பேசியிருக்கலாம், தொடக்கூடாத விதத்தில் தொட்டிருக்கலாம். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, கோபப்படாமல் கேளுங்கள். அப்படி ஏதாவது நடந்திருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். அதை ஊருக்குள் பேசித் தீர்த்து மூடக்கூடாது.

ஒரு பிள்ளையின் வாரக் கணக்கு

கொழுந்து நிறுத்தால் கிலோ தெரிகிறது. பிள்ளை எவ்வளவு உழைக்கிறது என்று யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

14 வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாடசாலை முடிந்து வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு 2 மணித்தியாலம் பயிற்சி என்றால் 8 மணித்தியாலம். சனிக்கிழமை இளைஞர் கழக அணியில் 3 மணித்தியாலம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்தில் கரப்பந்தாட்டப் போட்டி, அது 5 மணித்தியாலம். மொத்தம் 16. பாடசாலைக்கு மூன்று கட்டை நடந்து போய் மூன்று கட்டை ஏறி வருவது இந்தக் கணக்கில் இல்லை. தண்ணீர் எடுப்பது, விறகு கட்டுவது, அம்மா மலையிலிருந்து வரும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்வது, இவையும் இல்லை.

பிள்ளைகளின் விளையாட்டுக் காயங்களை ஆராயும் வைத்தியர்கள் எளிதாக நினைவில் வைக்கக்கூடிய ஓர் அளவைச் சொல்கிறார்கள். பிள்ளைக்கு எத்தனை வயதோ, ஒரு வாரத்தில் அத்தனை மணித்தியாலத்துக்கு மேல் ஒழுங்கான பயிற்சியும் போட்டியும் கூடாது. 14 வயதென்றால் 14. அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் 2007 ஆம் ஆண்டிலேயே வாரத்தில் 1 அல்லது 2 நாள் முழு ஓய்வும், வருடத்தில் 2 முதல் 3 மாதம் அந்த விளையாட்டிலிருந்து விடுப்பும் வேண்டும் என்று கூறியது. நம் பிள்ளையின் கணக்கில் 16 மணித்தியாலம் இருக்கிறது, பயிற்சியோ போட்டியோ இல்லாத நாள் வாரத்தில் ஒன்றுதான் மிஞ்சுகிறது.

பாடசாலைக் காலத்தையும் பாருங்கள். இல்ல விளையாட்டுப் போட்டி, பிறகு கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை. இடையில் சித்திரைப் புத்தாண்டு மரதன், கோவில் திருவிழாப் போட்டி, இளைஞர் கழகக் கிண்ணம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பயிற்றுவிப்பாளர் இருக்கிறார். எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் கூப்பிடுகிறார்கள். மற்றவர் எவ்வளவு வேலை வாங்கினார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஐந்து கங்காணிமார் ஒரே ஆளை ஐந்து மலைக்கு அனுப்பினால் எப்படியோ அப்படித்தான் இது.

சாப்பாட்டையும் தூக்கத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். அந்தக் கணக்கில் இருந்த குழந்தைகள்தான் பிறகு நம் பாடசாலை மைதானங்களில் ஓட வந்தார்கள். விடியற்காலையில் வெறுந்தேத்தண்ணியோடு ஓடிவிட்டு, ஒரு ரொட்டியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு வருவது மனச்சோர்வா, பசியா, இரத்தக் குறைவா என்று பார்வையில் சொல்ல முடியாது. அதனால் களைப்பு நீடித்தால் முதலில் வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பயறு, கடலை, முட்டை, நெத்தலி, கீரை ஆகியவற்றில் அன்றைக்கு முடிந்ததைக் கொடுங்கள். நாம் பறிக்கும் தேயிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் இடைவெளி விட்டுக் குடிப்பது நல்லது. தூக்கம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும்.

இரண்டு பெண்களின் கதை

இது நம் மலையகத்துக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. காசும் வசதியும் உள்ள இடத்திலும் வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஜெனிபர் கப்ரியாட்டி 1990 இல் தொழில்முறை டெனிஸுக்கு வந்தபோது அவருக்கு 13 வயது. 16 வயதில், 1992 இல், ஒலிம்பிக் தங்கம் வென்றார். 1993 இல் போட்டிகளை விட்டு விலகினார். அவருக்கு அப்போது 17 வயதுதான். பிறகு கடினமான சில வருடங்களைக் கடந்து திரும்பி வந்து, 2001 இல் அவுஸ்திரேலிய ஓபனை வென்றார். அவருடைய திறமை எங்கேயும் போய்விடவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

அவர் விலகிய பிறகு நடந்ததுதான் சங்கக்காரர்களான நாம் கவனிக்கவேண்டியது. பெண்கள் டெனிஸ் சங்கம் வயதுக் கட்டுப்பாட்டு விதியை 1995 முதல் கடுமையாக்கியது. இத்தனை வயதில் இத்தனை போட்டிதான் ஆடலாம் என்று வரம்பு வைத்தது. "பிள்ளையே பார்த்துக்கொள்ளட்டும்" என்றோ "அப்பா அம்மா முடிவு செய்யட்டும்" என்றோ விட்டுவிடவில்லை.

மற்றவர் அவுஸ்திரேலியப் பழங்குடி வம்சத்தில் வந்த ஆஷ்லி பார்டி. 15 வயதில், 2011 இல், விம்பிள்டன் சிறுமியர் பட்டத்தை வென்றார். 2014 இல், 18 வயதில், டெனிஸை நிறுத்தினார். அந்த இடைவெளியில் பிரிஸ்பேன் அணிக்காகக் கிரிக்கெட் ஆடினார். 2016 இல் திரும்பி வந்தார். 2019 இல் பிரெஞ்சு ஓபன், 2021 இல் விம்பிள்டன், 2022 இல் அவுஸ்திரேலிய ஓபன் என்று வென்றார். 2022 மார்ச்சில், உலக முதலிடத்தில் இருக்கும்போதே, 25 வயதில் தன் விருப்பத்தோடு ஓய்வு பெற்றார். 18 வயதில் அவரை யாராவது கட்டாயப்படுத்தி ஆடவைத்திருந்தால் இந்தக் கிண்ணங்களில் எத்தனை வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கவ்வாத்து வெட்டிய மலைக்கு அடுத்த நாளே யாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. தளிர்த்து வரும்வரை விடுகிறோம். பிள்ளைக்கும் அப்படி ஒரு காலம் வேண்டும்.

ஜே கோக்லி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1992 இல் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார். பிள்ளைகள் விளையாட்டை வெறுப்பதற்கு வேலைப்பளு மட்டும் காரணமில்லை. தன் வாழ்க்கையைப் பற்றித் தானே எதையும் முடிவு செய்ய முடியாத நிலையும், "நீ ஓட்டக்காரி, வேறொன்றும் இல்லை" என்று ஒரே சட்டையைப் போட்டுவிடுவதும் காரணம் என்றார். நமக்கு இது புதிதில்லை. எட்டு மணித்தியாலம் வேலை செய்வதைவிட, எப்போது நிறுத்தலாம் என்று கேட்க முடியாமல் வேலை செய்வதுதான் ஆளைச் சாகடிக்கும். பிள்ளையிடம் கேட்காமல் போட்டிக்குப் பேர் கொடுப்பதும் அதே வகைதான்.

விசில் பிடிக்கும் கையும் களைக்கும்

இனி நம் ஆசிரியர்களைப் பற்றி. தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் விளையாட்டுக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. கணக்குப் படிப்பிக்கும் சேரோ சமயம் படிப்பிக்கும் மிஸ்ஸோ பின்னேரம் விசிலை எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். பஸ் காசு கையிலிருந்து போகிறது. பிள்ளைக்கு வாங்கும் வாழைப்பழமும் அப்படித்தான். போட்டி முடிந்து கடைசி பஸ்ஸில் பிள்ளைகளை ஒவ்வொரு தோட்டத்துச் சந்தியிலும் இறக்கிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போகிறார். வென்றால் மாலை பிள்ளைக்கு. தோற்றால் பேச்சு அவருக்கு.

அவருக்கும் வெறுத்துப்போகும். சிரித்துப் பேசியவர் சுள்ளென்று விழுவார். "உங்களுக்கெல்லாம் எதற்கு விளையாட்டு" என்று எல்லாப் பிள்ளைகளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவார். புதிதாக எதையும் யோசிக்காமல் பழைய பயிற்சியையே தண்டனைபோலக் கொடுப்பார். வராத நாள் கூடும். சிலர் போத்தலின் பக்கம் போவார்கள். இதைப் பார்த்துவிட்டு "சேர் மாறிட்டார்" என்று சொல்கிறோம். அவர் களைத்துப்போயிருப்பார். அந்தக் களைப்பு நேராகப் பிள்ளையிடம்தான் இறங்கும்.

பெரிய இடத்திலும் இது உண்டு. ஜேர்மனியின் ஷால்கே உதைபந்தாட்டக் கழகத்தின் பயிற்றுவிப்பாளர் ரால்ஃப் ரங்னிக் 2011 செப்டெம்பரில், உடம்பும் மனமும் களைத்துவிட்டன என்று வெளிப்படையாகச் சொல்லிப் பதவியிலிருந்து விலகினார். அடுத்த வருடமே உதைபந்தாட்டத்துக்குத் திரும்பி வந்து, பல வருடங்கள் பெரிய பொறுப்புகளை வகித்தார். களைப்பை ஒத்துக்கொண்டதால் அவருடைய தொழில் முடிந்துவிடவில்லை. நம் ஆசிரியர்களும் வெட்கமில்லாமல் "ஒரு தவணைக்கு வேறு யாராவது பாருங்கள்" என்று சொல்லக்கூடிய நிலையை நாம் உண்டாக்கவேண்டும்.

தோட்டந்தோறும் செய்யக்கூடியவை

அறிவுரை சொல்லிவிட்டுப் போனால் போதாது. எட்டு மணித்தியால வேலையும் வார ஓய்வும் துரைமாரின் இரக்கத்தால் உலகத்தில் வந்தவை அல்ல. தொழிலாளிகள் கூடிக் கேட்டதால் விதியாக வந்தவை. பிள்ளைகளின் ஓய்வும் விதியாக வரவேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இளைஞர் கழகமும் பாடசாலையோடு உட்கார்ந்து இவற்றை முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, வாரத்தில் ஒரு நாள் எந்த அணியும் பிள்ளையைக் கூப்பிடக்கூடாது. எந்த நாள் என்பதைப் பிள்ளைகளோடு பேசி வையுங்கள்.

இரண்டு, விளையாடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி. பாடசாலை, கழகம், திருவிழா என்று எல்லா மணித்தியாலமும் அதில் எழுதப்படவேண்டும். ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்க்கவேண்டும். வயதைவிட மணித்தியாலம் கூடினால் ஏதாவது ஒன்றை விடவேண்டும். நம் கிளைகள் நடத்தும் போட்டிகளுக்கும் இது பொருந்தும்.

மூன்று, வருடத்தில் 2 மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு. அந்தக் காலத்தில் சும்மா விளையாடட்டும், வேறு விளையாட்டு ஆடட்டும். சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடத்தில் இதை முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

நான்கு, பேர் கொடுக்கும் முன் பிள்ளையிடம் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் அதற்குத் தண்டனையோ ஏச்சோ இருக்கக்கூடாது.

ஐந்து, பயிற்சி முடிந்ததும் ஒரு கைப்பிடி அவித்த கடலையோ பயறோ. தோட்டத்தில் 20 குடும்பம் முறை போட்டுக்கொண்டால் ஒரு குடும்பத்துக்கு மாதத்தில் ஒரு முறைதான் வரும்.

ஆறு, பயிற்றுவிப்பாளர் ஒருவர் தனியாக இருக்கக்கூடாது. இரண்டாவது ஆள் ஒருவரைப் பழக்குங்கள். வெளியூர்ப் போட்டிக்குப் பெற்றோர் ஒருவர் கூடப் போகட்டும். அதில் ஒரு தாயாவது இருந்தால் பெண்பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. ஆசிரியரின் பஸ் காசைக் கழகத்தின் செலவில் எழுதுங்கள். அவருக்கும் ஓய்வு நாள் உண்டு.

ஏற்கெனவே வெறுத்துப்போன பிள்ளை வீட்டில் இருந்தால் என்ன செய்வது? இழுத்துக்கொண்டு போகாதீர்கள். "இவ்வளவு செலவழித்தோமே" என்று கணக்குக் காட்டாதீர்கள். பக்கத்து லயத்துப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். வைத்தியரிடம் காட்டி, சில வாரம் முழுதாக விடுங்கள். கூட்டாளிகளோடு போய் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். திரும்பி வருவதா இல்லையா, வேறு விளையாட்டா, படிப்பா என்பதை அந்தப் பிள்ளை சொல்லட்டும். சாப்பிடாமல், பேசாமல், "நான் இருந்து என்ன" என்பதுபோல் வார்த்தை வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தேசிய மனநல நிலையத்தின் உதவி இலக்கம் 1926. பெரியவர்களும் அதற்குப் பேசலாம், ஆசிரியர்களும் பேசலாம்.

தோழர்களே, பதக்கம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் தேசிய மட்டத்தில் ஓடவேண்டும், நாட்டின் சட்டையைப் போடவேண்டும். அதற்கு 14 வயதில் ஓடும் பிள்ளை 20 வயதிலும் விருப்பத்தோடு ஓடவேண்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த ஆறு விஷயங்களையும் வாசித்து, உங்கள் தோட்டத்துக்கு எந்த நாள் பிள்ளைகளின் ஓய்வு நாள் என்பதை முதலில் தீர்மானித்து எழுதுங்கள். அந்தக் கூட்டத்துக்கு விளையாடும் பிள்ளைகளில் இரண்டு பேரையும், அவர்களைப் பழக்கும் சேர்மாரையும் மிஸ்மாரையும் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வையுங்கள். அவர்களைப் பேசவிடுங்கள்.